தாதியர் விலகுவது ஏன்? – ஒரு வினாவின் வரலாறு

தாதியர் பற்றாக்குறை என்னும் தொடர் நமக்குப் புதியதன்று. அது காதில் விழுந்ததும் ஆட்சியாளர் மனத்தில் தோன்றும் பரிகாரமும் பெரும்பாலும் ஒன்றே: பயிற்சிக் கல்லூரிகளிற் சேர்ப்போர் தொகையைக் கூட்டுதல். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகிலுள்ள தாதியர் தொகையை 2 கோடியே 79 இலட்சம் எனவும், அதற்கு மேலும் 59 இலட்சம் பேர் தேவைப்படுகின்றனர் எனவும் கணித்தது. இப்பற்றாக்குறையில் 89 சதவீதம் வருவாய் குறைந்த நாடுகளுக்கும் இடைநிலைக்குக் கீழ்ப்பட்ட வருவாயுடைய நாடுகளுக்கும் உரியது. இத்தகைய பேரெண்கள் முன்வைக்கப்படும்போது, ஏலவே பயின்று வெளியேறியோர் எத்தனை ஆண்டுகள் தொழிலில் நிலைக்கின்றனர், ஏன் விலகுகின்றனர் என்னும் வினாக்கள் பின்னே தள்ளப்பட்டுவிடுகின்றன. குடத்தில் ஓட்டை இருக்கின்றதா என்று பாராது நீரை மேலும் மேலும் வார்க்கும் செயலை ஒத்தது இது.

தாதியரிடமே சென்று வினவும் கள ஆய்வுகள் மேலைநாடுகளில் நீண்டகாலமாக நடைபெற்றுவருகின்றன. அவற்றின் முடிவுகளைத் தொகுத்துரைப்பது நமது நோக்கமன்று. அவ்வாய்வுகளிற் கேட்கப்பட்ட வினா காலந்தோறும் எவ்வாறு மாறியது, வினா மாறியபோது பழி யார்மேல் விழுந்தது என்பதையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவில் ஜோசபின் கோல்ட்மார்க் 1923இல் வெளியிட்ட தாதியர் கல்வி பற்றிய அறிக்கை, மாணவ தாதியர் கற்போராகவன்றி ஊதியமற்ற உழைப்பாளராகவே வைத்தியசாலைகளாற் பயன்படுத்தப்பட்டனர் என்பதை வெளிக்கொணர்ந்தது. விடுதியில் ஆள் தேவைப்பட்டால் வகுப்பு நிறுத்தப்படும். விடுதியின் தேவையே பாடத்திட்டமாயிற்று. எனினும், விலகுவோரைப் பற்றிய பொதுக்கருத்து இவ்வுண்மையைப் பொருட்படுத்தவில்லை. பெண்கள் விலகுவது திருமணத்தின் பொருட்டு. அல்லது அவர்களுக்குத் தொழிலுக்கு வேண்டிய மனவுறுதி இல்லை. இவையே நெடுங்காலம் வழங்கிய விளக்கங்கள். ஆண்கள் மிகுந்த தொழில் ஒன்றில் மூன்றிலொரு பங்கினர் விலகியிருப்பின், அவர்தம் குணவியல்பிற் காரணம் தேடியிருப்பார்களா என்பது ஐயமே.

இவ்விளக்கத்தை முதன்முதலிற் கடுமையாக அசைத்த ஆய்வுகளுள் ஒன்று, இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்ட ஆய்வாகும். இலண்டனிலுள்ள பெரிய போதனா வைத்தியசாலை ஒன்று, மாணவ தாதியரை விடுதிகளுக்குப் பங்கிடும் ஒழுங்கு குலைந்துவிடும் நிலையை எட்டியதால் அவரது உதவியை நாடிற்று. அங்கிருந்த தாதியர் ஏறக்குறைய 700 பேர். அவருள் முழுப் பயிற்சி பெற்றோர் 150 பேர் அளவினரே. ஏனையோர் மாணவியர். மென்சீஸ் எழுபது பேரளவினரைத் தனியாகவும் சிறு குழுக்களாகவும் கண்டு உரையாடினார், விடுதிகளிலிருந்து அவதானித்தார்.

அவர் கண்டது இது. நோய், வலி, மரணம் ஆகியவற்றை நாள்தோறும் எதிர்கொள்ளும் தாதியின் மனத்தில் எழும் பதற்றத்தை ஆற்றுவதற்கு வைத்தியசாலை எவ்வித வழியும் செய்யவில்லை. மாறாக, அப்பதற்றம் எழாதவண்ணம் வேலையையே துண்டுதுண்டாக்கியிருந்தது. ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகப் பராமரிப்பதில்லை. பல நோயாளருக்கு ஒவ்வொரு சிறு பணியை மட்டும் செய்வாள். நோயாளி பெயரால் அறியப்படாமல், படுக்கை எண்ணாலும் பாதிக்கப்பட்ட உறுப்பாலும் குறிப்பிடப்பட்டான். ஒரு விடுதியிற் பழகுமுன் மாணவி வேறொன்றுக்கு மாற்றப்பட்டாள். தீர்மானம் எடுக்கும் பொறுப்பு, சரிபார்த்தலுக்குமேற் சரிபார்த்தலாக மேலே தள்ளப்பட்டது. இவையெல்லாம் தாதியைக் காக்கவெனத் தோன்றியவை. ஆயின், தொழிலிற் கிடைக்கத்தக்க நிறைவையும் இவையே பறித்தன. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாணவியர் பயிற்சியை முடிக்கவில்லை. அவருட் பெரும்பாலோர் தாமாகவே விலகினர். விலகியோருட் திறமையும் முதிர்ச்சியும் மிக்கோர் கணிசமாக இருந்தனர் என்பது மென்சீஸ் தந்த செய்திகளுள் மிகவும் சிந்திக்கத்தக்கது. பலவீனர் விலகுகின்றனர் என்னும் கூற்று இதனாற் பொய்யாயிற்று.

கல்விக்கும் தொழிலுக்கும் இடையிலான முரண்பாட்டை வேறொரு கோணத்தில் நோக்கியவர் மார்லீன் கிராமர். 1974இல் வந்த அவரது நூல், கல்லூரியிற் கற்ற விழுமியங்களுடன் விடுதிக்குட் புகும் புதிய தாதி அடையும் அதிர்ச்சியை ஆராய்ந்தது. நோயாளியை முழு மனிதனாகக் காணும்படி கல்லூரி கற்பிக்கின்றது. குறித்த நேரத்தில் குறித்த பணிகள் முடிந்தனவா என்பதையே வைத்தியசாலை கேட்கின்றது. கல்வியின் தரத்தை உயர்த்தி வேலையின் ஒழுங்கை மாற்றாது விட்டால் இவ்விடைவெளி மேலும் அகலும். கல்வியை மட்டும் சீர்திருத்துவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

1970களின் பிற்பகுதியிலிருந்து வினாக்கொத்து முறை பெருகிற்று. “அடுத்த ஓராண்டினுள் இவ்வேலையை விட்டு விலக எண்ணியுள்ளீரா?” என்பது ஏறக்குறைய எல்லா வினாக்கொத்துகளிலும் இடம்பெறும் வினாவாயிற்று. எண்ணம் வேறு, செயல் வேறு என்பது வெளிப்படை. ஜேம்ஸ் பிரைஸ், சார்ள்ஸ் மியூலர் ஆகிய சமூகவியலாளர் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்ந்து அமைக்கப்பட்டது. தாதியரிடம் முதலில் வினாக்கொத்து நிரப்பப்பெற்றது. பின்னர் அவருள் உண்மையில் விலகியோர் யாவர் எனப் பார்க்கப்பட்டது. தொடர்ந்திருக்கும் எண்ணம் விலகலுடன் வலுவான தொடர்புடையது என்பது அதிற் புலனாயிற்று. எனினும் எண்ணியவர் எல்லோரும் விலகுவதில்லை. வேறு வேலை கிடையாமை, குடும்பப் பொறுப்பு, ஓய்வூதியம் ஆகியன மனத்தால் விலகியோரையும் இடத்தில் நிறுத்திவைக்கின்றன. இவர்களை ‘நிலைத்தவர்’ என எண்ணும் புள்ளிவிபரம் பாதி உண்மையையே கூறுகின்றது.

வினா தலைகீழாக மாறியது 1983இல். அமெரிக்காவில் அப்போதும் பற்றாக்குறை நிலவிற்று. ஆயினும் சில வைத்தியசாலைகளுக்கு மட்டும் தாதியர் விரும்பி வந்தனர், வந்தவர் போகவில்லை. அமெரிக்கத் தாதியர் கழகத்தின் சார்பில் மார்கிரெட் மக்குளுவரும் மற்றும் மூவரும், பரிந்துரைக்கப்பட்ட 165 வைத்தியசாலைகளிலிருந்து 41ஐத் தெரிந்து, அங்குள்ளோரிடம் “நீங்கள் ஏன் இங்கே இருக்கின்றீர்கள்?” என வினவினர். காந்தம்போல் ஈர்த்தமையால் அவை காந்த வைத்தியசாலைகள் எனப் பெயர்பெற்றன. போதிய ஆட்கள், தம் தொழிலறிவின்படி தீர்மானிக்கும் உரிமை, வைத்தியருடன் மதிப்பான உறவு, உயர் நிருவாகத்தில் இடம்பெற்ற தாதியர் தலைவி, மேற்படிப்புக்கு ஆதரவு ஆகியவற்றையே விடைகள் சுட்டின. காரணம் தாதியின் உள்ளத்திலிருந்து வேலையின் அமைப்புக்கு இடம்மாறியது. (பிற்காலத்தில் ‘காந்தம்’ கட்டணம் செலுத்திப் பெறும் ஓர் அங்கீகாரமாகவும் வைத்தியசாலைகளின் விளம்பரமாகவும் ஆனமை வேறு கதை.)

அவ்விடைகளிலிருந்தே பின்னர் அளவுகோல்கள் உருவாக்கப்பட்டன. எயிலீன் லேக் 2002இல் அமைத்த 31 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இன்று பல மொழிகளிற் பயன்படுகின்றது. ஆயினும் இத்துறையிற் பெருந் தாக்கத்தை ஏற்படுத்தியது லிண்டா எயிக்கனும் அவரது குழுவினரும் பென்சில்வேனியாவில் நடத்திய ஆய்வாகும். இதன் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1999இல் அம்மாநிலத்தில் வாழ்ந்த பதிவுபெற்ற தாதியருட் பாதிப்பேர் எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்டு, அவர்தம் வீடுகளுக்கு வினாக்கொத்து அஞ்சலில் அனுப்பப்பட்டது. வைத்தியசாலை நிருவாகத்தினூடாக அனுப்பப்படாமை கவனிக்கத்தக்கது. மேலதிகாரியின் கண்முன் எழுதும் விடை வேறு, வீட்டிலிருந்து எழுதும் விடை வேறு. விடையளித்தோர் 52 சதவீதத்தினர். தாதி தன் மனநிலையைப் பற்றி மட்டுமன்றி, தான் வேலைசெய்யும் இடத்தைப் பற்றிய சாட்சியாகவும் கொள்ளப்பட்டாள். கடைசியாகச் செய்த கடமையில் எத்தனை நோயாளர் உமது பொறுப்பில் இருந்தனர் என அவளிடம் கேட்கப்பட்டது. 168 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 10,184 தாதியரின் விடைகள் வைத்தியசாலை வாரியாகத் தொகுக்கப்பட்டு, அங்கு சத்திரசிகிச்சை பெற்ற 232,342 நோயாளரின் பதிவுகளுடன் பொருத்தப்பட்டன.

2002இல் வெளியான முடிவு இது. ஒரு தாதிக்குரிய நோயாளர் தொகை ஒன்றால் அதிகரிக்கும்போது, முப்பது நாட்களுள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதத்தால் உயர்ந்தது. தாதி உளச்சோர்வுறும் வாய்ப்பு 23 சதவீதத்தாலும், தொழிலில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 சதவீதத்தாலும் உயர்ந்தன. உளச்சோர்வும் அதிருப்தியும் ஒருங்கே உற்றவருள் 43 சதவீதத்தினர் ஓராண்டினுள் விலக எண்ணினர்; இரண்டும் அற்றவருள் 11 சதவீதத்தினரே அவ்வாறு எண்ணினர். தாதியின் களைப்பும் நோயாளியின் மரணமும் ஒரே மூலத்தினின்று எழுவன என்பதை இத்துணைத் தெளிவாக எண்களிற் காட்டிய ஆய்வுகள் அதற்கு முன்னர் மிகச் சிலவே.

இதே குழுவினர் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, ஜேர்மனி ஆகிய ஐந்து நாடுகளில் 43,000 தாதியரிடம் நடத்திய ஆய்வு 2001இல் வெளியாயிற்று. இங்கிலாந்தில் 30 வயதுக்குக் குறைந்த தாதியருட் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டினுள் தம் வேலையை விட்டு விலக எண்ணியிருந்தனர். உணவுத் தட்டுகளைக் கொண்டுசெல்லல் முதலிய, தாதிமைப் பயிற்சி வேண்டாத பணிகளிற் தாதியரின் நேரம் கழிந்தது. நோயாளியின் வாயைத் தூய்மைசெய்தல், அருகிருந்து ஆறுதல் கூறுதல் ஆகியன செய்யப்படாது விடப்பட்டன. மென்சீஸ் 1960இல் கண்டதும் இதுவும் பெரிதும் வேறல்ல.

ஆய்வு முடிவுகள் தாமாகவே எதையும் மாற்றுவதில்லை. கலிபோர்னியாவில் ஒரு தாதிக்குரிய நோயாளர் தொகைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் 1999இல் நிறைவேறியது தாதியர் தொழிற்சங்கத்தின் நீண்ட போராட்டத்தின் பயனாகும். அது 2004இல் நடைமுறைக்கு வந்தது. பொது மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் வரம்பு முதலில் ஆறாகவும், 2005இல் ஐந்தாகவும் அமைந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டிலேயே இத்தகைய வரம்பு தொழிற்சங்க முயற்சியால் வந்துவிட்டது. எண்களுக்குக் கால் முளைத்தது சங்கங்களினாலேயே எனலாம்.

இம்முறையின் குறைகளையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ஒரே காலத்தில் எடுக்கப்படும் ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தை உறுதிசெய்யாது. தாதியர் மிகுந்த வைத்தியசாலை வேறு பல வகையிலும் வளம் மிக்கதாயிருக்கலாம். மேலும், வைத்தியசாலையில் வேலைசெய்வோர் நிரப்பிய வினாக்கொத்திலிருந்து பெறப்படுவது எஞ்சியோரின் குரல். எவரைப் பற்றி அறிய விரும்புகின்றோமோ அவர் அங்கு இல்லை. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 2002 தொடக்கம் 2005 வரை நடைபெற்ற ஆய்வு, விலகிச் சென்றோருக்கெனத் தனி வினாக்கொத்து ஒன்றை அனுப்பி இக்குறையை ஓரளவு நிவிர்த்திசெய்ய முயன்றது.

நமது நாட்டில் இவ்வளவுகோல்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்த முனைவோர் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்க வினாக்கொத்து வைத்தியசாலைக்கும் வைத்தியசாலைக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க எழுந்தது. அங்கு தாதி ஒரு வைத்தியசாலையை விட்டு மற்றொன்றுக்குச் செல்கிறாள். இலங்கையில் தாதியருட் மிகப் பெரும்பாலோர் அரச சேவையினர். ஆளணியும் இடமாற்றமும் வைத்தியசாலையின் கையில் இல்லை. எனவே “இவ்வேலையை விட்டு விலக எண்ணியுள்ளீரா?” என்னும் வினா இங்கு குறைந்தது மூன்று வினாக்களாகப் பிரியும்: இவ்விடத்தை விட்டா, இச்சேவையை விட்டா, இந்நாட்டை விட்டா? ஊரிலிருந்து தொலைவில் நியமனம் பெற்று, குழந்தையைத் தாயிடம் விட்டு, இடமாற்றத்துக்குக் காத்திருப்பவள் முதலாவதற்கு ஆம் என்பாள். மற்றவற்றுக்கு இல்லை என்பாள். மூன்றையும் ஒன்றாக்கும் ஆய்வு அவளைத் தொழிலை வெறுத்தவளாகக் காட்டிவிடும்.

“உமது பொறுப்பில் எத்தனை நோயாளர்?” என்னும் வினாவும் அவ்வாறே. நமது விடுதிகள் பலவற்றில் நோயாளர் தாதிக்குத் தாதி பிரித்து ஒப்படைக்கப்படுவதில்லை. ஒருவர் ஊசிமருந்து ஏற்றுவார், ஒருவர் புண்ணுக்கு மருந்து கட்டுவார், ஒருவர் பதிவேடு எழுதுவார். நோயாளர் எல்லோரும் எல்லோருக்கும் உரியவர். இங்கு அவ்வினாவுக்கு நேர்மையான விடை விடுதியின் முழுத் தொகையே. கேட்கவேண்டியது, அவ்விராக்கடமையில் விடுதியில் எத்தனை தாதியர், எத்தனை நோயாளர், கட்டிலின்றித் தரையிற் கிடந்தோர் எத்தனை பேர் என்பது.

பொருளாதார நெருக்கடி நிலவிய 2022இல், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு செல்ல இடமளிக்கும் சுற்றறிக்கை வெளியாயிற்று. அத்தகைய விடுமுறையில் ஒரு தாதி சென்றால், ஆளணிப் பதிவேட்டில் அவள் இருக்கின்றாள், விடுதியில் இல்லை. அவளைப் பயிற்றுவித்த செலவு நம்முடையது. அவளது உழைப்பு பிறிதொரு நாட்டின் முதியோர் இல்லத்துக்கோ வைத்தியசாலைக்கோ உரியது. அவள் அனுப்பும் பணமும் ஈண்டுக் கணக்கில் வரும். அவள் விலகியவளா, நிலைத்தவளா என்பதை எவ்வினாக்கொத்தும் இன்னும் வகைப்படுத்தவில்லை. ஐரோப்பிய ஆய்வாளர் செய்ததுபோல் அவளது வெளிநாட்டு முகவரிக்கே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வினாக்கொத்தை அனுப்பி, திரும்பிவரும் எண்ணம் உண்டா, வருவதாயின் எந்த விடுதிக்கு, எத்தனை பேருடன் கடமை செய்ய என்று கேட்பது பல்கலைக்கழகத் தாதியர் துறைகளால் இயலாத காரியமன்று.