சூனியக்காரிக்கு என்ன வேலை?



‘சூனியக்காரி’ என்றதும் நம் மனக்கண் முன் வருவது என்ன? விட்டலாச்சார்யா படத்து மண்டை ஓடு, விரித்துப் போட்ட தலைமுடி, ‘ஹா ஹா’ என்று ஒரு சிரிப்பு! ஆனால் ஊருக்குக் கூலி வாங்காமல் உழைக்கிற ஒரு சின்னப் பெண்ணைச் சூனியக்காரியாக்கி, வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டெர்ரி பிராட்செட் (1948–2015). அந்தப் பெண் டிஃபனி ஏக்கிங். 2003-ல் வந்த ‘தி வீ ஃப்ரீ மென்’ முதல், அவர் மறைவுக்குப் பின் 2015-ல் வந்த ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ வரை, மொத்தம் 5 நாவல்கள் இவளைப் பற்றியவை.

அளந்து பார்க்கும் பெண்

டிஃபனி ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண். முதல் கதையில் வயது 9. பாலாடைக்கட்டி செய்வதில் கெட்டிக்காரி. ஒரு நாள் ஆற்றிலிருந்து ஒரு பூதம் எழுந்து வருகிறது. அதற்குக் கண்கள் சூப் தட்டு அளவு இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாமாக இருந்தால் ஓடியே போயிருப்போம். அவளோ சமையலறைக்குப் போய் சூப் தட்டை எடுத்து அளக்கிறாள். 8 அங்குலம்! பிறகு இரும்பு வாணலியை எடுத்து வந்து பூதத்தின் மூஞ்சியில் ஒரே போடு! ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் காலிப்பரைப் பிடித்துப் பழகிய நமக்கு அவளைப் பிடிக்காமல் போகுமா?

அவளுக்குத் துணையாக வரும் நாக் மாக் ஃபீகிள் என்ற குள்ளர்கள் 6 அங்குல உயரம், நீல உடம்பு, சிவப்பு முடி. திருடுவதும் சண்டை போடுவதும்தான் தொழில். எதற்கும் அஞ்சாத இவர்கள் நடுங்குவது வக்கீலைக் கண்டால் மட்டும்தான்!

மந்திரம் கொஞ்சம், வேலை அதிகம்

சிரிப்புக்கு நடுவில் ஆசிரியர் சொல்ல வரும் சங்கதி இதுதான். சூனியக்காரியின் வேலையில் மந்திரம் ரொம்பக் கொஞ்சம். கிழவர்களின் கால் நகத்தை வெட்டிவிட வேண்டும், பிரசவம் பார்க்க வேண்டும், செத்தவர் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும், பங்காளிச் சண்டையைத் தீர்க்க வேண்டும். இதற்கெல்லாம் காசு கிடையாது. யாராவது சாப்பாடோ பழைய துணியோ கொடுத்தால் உண்டு.

அப்படியானால் மண்டை ஓடும் ஒட்டடையும் எதற்கு? 2006-ல் வந்த ‘விண்டர்ஸ்மித்’ நாவலில் மிஸ் ட்ரீசன் என்ற கிழவி வருகிறாள். ஊரே பயப்படும் அவளுடைய மண்டை ஓடு விளையாட்டுச் சாமான் கடையில் தபாலில் வரவழைத்தது! சொன்னால் கேட்க வேண்டும் என்பதற்காகப் போட்ட வேஷம், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் மட்டும் என்னவாம்? சுளுக்கு எடுக்கிற ஆயா, குழந்தைக்கு உரம் எடுக்கிறவங்க, மருத்துவச்சி, இவங்களும் அந்த ஜாதிதானே! கர்நாடகத்தில் பாவகடா பகுதியைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். கூலி வாங்காமல் ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

சிரிப்பு நிற்கும் இடம்

டிஃபனி ஏன் சூனியக்காரி ஆக வேண்டும் என்று நினைத்தாள்? அவள் ஊரில் தனியாக இருந்த ஒரு கிழவி. பல் இல்லை, பூனை உண்டு, தனக்குத்தானே பேசுவாள். ஊர்ப் பெரிய மனிதரின் பையன் காணாமல் போனதும் பழி அவள் மேல் விழுந்தது. வீட்டை அழித்தார்கள். ஒருவரும் உள்ளே சேர்க்கவில்லை. பனியில் செத்துப் போனாள். இனி ஒருத்திக்கு இப்படி நடக்கக் கூடாது என்றுதான் டிஃபனி அந்த வேலையையே கையில் எடுக்கிறாள்.

இது கதை. நிஜத்தைப் பாருங்கள். ஜார்க்கண்டில் சுட்னி மகதோ என்ற பெண்ணை 1995-ல் சூனியக்காரி என்று சொல்லி அடித்து ஊரை விட்டு ஓட வைத்தார்கள். அவர் பிறகு தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றக் கிளம்பினார். அசாமில் பிருபாலா ராபாவின் மகனுக்கு உடல்நலம் கெட்டபோது, பையன் 3 நாளில் செத்துவிடுவான் என்றார் பூசாரி. நாள் கடந்தது, பையன் சாகவில்லை. பூசாரி சொன்னது பொய் என்று புரிந்துகொண்ட பிருபாலா, சாகும் வரை (2024) இந்தக் கொடுமையை எதிர்த்தார். இருவருக்கும் 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பீகாரில் 1999-லும் ஜார்க்கண்டில் 2001-லும் இதற்கென்று தனிச்சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கொலை நின்றபாடில்லை.

கவனித்தீர்களா? டிஃபனி தட்டை அளந்தாள், பிருபாலா நாளை எண்ணினார். இரண்டும் ஒரே வேலை!

எர்ணாவூருக்கு என்ன சம்பந்தம்?

2023 டிசம்பர் மாதம் நமக்கு மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எர்ணாவூர் வீடுகளிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. வலை பிடிக்கிற அண்ணன்மார் வாளியும் குவளையும் வைத்து அள்ளினார்கள். அது வற்றுவதற்குள் 26-ந் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே ஈரத்துணியை மூக்கு வாயில் கட்டிக்கொண்டு, காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். இது பாடப் புத்தகத்து வேதியியல்தான். ஆனால் நடுராத்திரியில் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அதை யார் சொல்வது? படித்த பிள்ளைதான் சொல்லணும்!

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பென்ஷன் மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்க்கிலிருந்து வந்த கடுதாசி என்று தெருவே எடுத்துக்கொண்டு வரும். “நீ படிச்ச புள்ளதானே, என்னன்னு பாரு கண்ணு” என்பார்கள். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரியும். சில நாள் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் செய்கிற அந்தச் சின்ன வேலைக்குத்தான் பிராட்செட் மந்திரம் என்று பெயர் வைத்தார்.

டிப்ளமா வாங்கியதும் நாலு காசு சம்பாதிப்போம், வேண்டியதுதான். கூடவே அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதிருப்போம். தனியாக இருக்கும் கிழவியை ஊர் பழிக்கும்போது அவள் பக்கம் போய் நிற்போம். அதற்கு மண்டை ஓடு தேவையில்லை, துணிச்சல் போதும்!