ஆறுகிறது, அதனாலேயே அடைக்கிறது

பைபாஸ் செய்துகொண்ட தாத்தா வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால், கணுக்காலிலிருந்து மேலே ஏறும் தழும்பு தெரியும். நெஞ்சு ஆபரேஷனுக்குக் காலில் எதற்குத் தழும்பு என்று பேரன் கேட்டால், “கால் நரம்ப எடுத்து நெஞ்சுல வச்சிருக்காங்கடா” என்பார். நம் பேச்சில் ரத்தக் குழாய்க்கும் நரம்பு என்றுதான் பெயர். அவர் சொல்வது சிரையை. அதாவது, கீழிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் குழாயை.

இந்தக் கால் சிரையை இதயத்தில் ஒட்டும் முறையை 1967 முதல் நிலைநிறுத்தியவர் ரெனே ஃபவலோரோ. அர்ஜென்டினாவில் கிராமத்து டாக்டராக இருந்து, அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்குக்குப் போனவர். அவர் காட்டிய வழியில் லட்சக்கணக்கானோர் பிழைத்தார்கள். ஆனால் ஒரு குறை விடாமல் துரத்துகிறது. ஒட்டிய சிரைகளில் ஏறக்குறைய பாதி பத்தாண்டுக்குள் அடைபட்டுவிடுகின்றன. நெஞ்சுச் சுவரின் உட்பக்கத்திலிருந்து எடுக்கும் தமனியோ, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயோ, பத்தில் ஒன்பது பேருக்கு அப்போதும் திறந்தே இருக்கிறது.

ஏன் இந்த வேறுபாடு? ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்ப் பார்க்கலாம். எடுத்த சிரை ஒரு கிண்ணத்து உப்பு நீரில் கிடக்கிறது. அதன் கிளைகளைக் கட்டிவிட்டு, ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் சிரிஞ்சால் திரவத்தை ஏற்றுகிறார்கள். சிரை புடைத்து விறைக்கிறது. பஞ்சர் கடையில் டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். டியூப் தாங்கும்; சிரை தாங்காது. அதன் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. ரத்தம் உறையாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவது அதன் தயவில்தான். அந்தப் படலம் அங்கங்கே கிழிகிறது.

கிழிந்த இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. ஒட்டியதும் தம்மிடம் உள்ள பையைத் திறந்து ஒரு புரதத்தைக் கொட்டுகின்றன. 1974இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் இதன் தடத்தைப் பிடித்தார்கள். குரங்கின் தமனியிலிருந்து எடுத்த தசைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது, உறைந்த ரத்தத்தின் சீரம் கொடுத்தால் அவை பெருகின. தட்டணு நீக்கிய பிளாஸ்மாவில் சும்மா கிடந்தன. தட்டணு தரும் அந்தப் பொருளுக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர் வந்தது. இது ஒன்று மட்டுமல்ல. காயம்பட்ட செல்லே உடைந்து வேறொரு காரணியைக் கசியவிடும். இன்னொன்று, நார்ப்பொருளைச் சுரந்து சுவரைக் கெட்டிப்படுத்தச் சொல்லும்.

இதில் எதுவும் கோளாறு அல்ல. சிரை இதுவரை அறிந்திருந்தது மிகக் குறைந்த அழுத்தம். இனி 120க்கு 80 என்ற தமனி அழுத்தத்தை ஒவ்வொரு துடிப்பிலும் தாங்க வேண்டும். சுவர் தடிக்காவிட்டால் புது வேலைக்கு அது லாயக்கில்லை. எனவே தசைச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து பெருகி, சுவரைத் தடிக்க வைக்கின்றன. வம்பு எங்கே என்றால், போதும் என்று சொல்ல வேண்டிய உட்படலம்தான் கிழிந்து கிடக்கிறது. முதல் மாதத்தில் அடைத்தால் பெரும்பாலும் ரத்தக் கட்டி. அதன்பின் ஓராண்டு வரை இந்தத் தடிப்பு. அதற்கும் அப்பால், தடித்த இடத்தில் கொழுப்பு வந்து குடியேறுகிறது. டயாலிசிஸுக்காகக் கையில் செயற்கைக் குழாய் வைத்தவர்களுக்கும் அது சிரையோடு சேரும் தையலருகே இதே தடிப்புதான் வழியை மறிக்கிறது.

செல் பெருக்கத்தையே தடுத்துவிட்டால் என்ன? முயன்றார்கள். செல் பிரிவதற்கான விசையை முடக்கும் மருந்தில் சிரையைச் சில நிமிடம் ஊற வைத்து ஒட்டினார்கள். 3,014 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2005இல் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு எடுத்த படங்களில், மருந்து பெற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 46 சதவீதம் பேருக்கும் ஒட்டு கெட்டிருந்தது. மாதக்கணக்கில் கொட்டும் காரணிகளைச் சில நிமிடக் குளியலால் அடக்க நினைத்ததே தவறு என்பது என் எண்ணம். மருந்தை வாரக்கணக்கில் கசியவிட்டபடி ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்கள் இதே தசைப் பெருக்கத்தை நன்றாகவே கட்டுப்படுத்துகின்றன.

எனக்குப் பிடித்த விடை வேறு. ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில் டொமிங்கோஸ் சூசா என்ற அறுவை மருத்துவர் 1990களில் சிரிஞ்சையே ஒதுக்கினார். சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து, புடைக்க வைக்காமல், பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுத்தார். அப்படி எடுத்த சிரைகள் கூடுதல் காலம் திறந்திருந்தன. காலில் புண் ஆறத் தாமதமாகும்; அதுதான் அதற்கு விலை.

தாத்தாவிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. “அஞ்சு வருஷம் ஆச்சு, இனி எதுக்கு மாத்திரை?” என்று கேட்காதீர்கள். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கிறது, ஸ்டேட்டின் கொழுப்பு குடியேறுவதைத் தாமதிக்கிறது. டாக்டர் சொல்லாமல் இரண்டையும் நிறுத்த வேண்டாம். பீடியை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.