ஏ9 வீதி தொடங்கும் இடத்தில் கூலி ஏன் குறைவு?

சந்தை என்றால் என்னவென்று வடக்கில் இருந்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டதும் கொழும்புக்குப் போகமுடியாத யாழ்ப்பாண மீனுக்கு விலை இல்லாமல் போனது. மீனுக்கு விலை இல்லையென்றால் கரையில் வலை இழுப்பவருக்குக் கூலியும் இல்லை. பாதை திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது நானும் நம்பினேன்.

அந்த ஏ9 வீதி தொடங்குவது கண்டியில். போர்க்காலத்திலும் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கு போய்வந்தது. 1867இலேயே கோப்பி மூட்டைகளை ஏற்றுவதற்காக அங்கே ரயில் வந்துவிட்டது. அதே ஆண்டில்தான் தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இவ்வளவு பழைய சந்தைப் பாதை இருந்தும், 2015இல் கேட்கத் தொடங்கிய 1,000 ரூபாய் நாட்கூலி தோட்டத் தொழிலாளருக்கு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ஆனது.

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஒருமுறை ஏறிப்பார்த்தால் காரணம் கொஞ்சம் விளங்கும். பாதை தேயிலைக்காகப் போடப்பட்டது. தேயிலை எப்படியோ கொழும்பு ஏலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கொழுந்து பறிப்பவர் தன் உழைப்பை வேறு யாரிடம் கொண்டுபோய் விற்பது? காலைப் பெரட்டுக்கு நிற்கவேண்டும். நகரத்தில் வேலை பிடித்தால் போகவர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், பஸ் காசு வேறு. நகரத்துக் கூலியில் கூடுதலாகக் கிடைப்பதில் ஒரு பங்கை வளைவுப் பாதையே தின்றுவிடுகிறது. நகரத்தை ஒட்டிய ஹந்தானையில் இந்தச் செலவு குறைவு. அங்கிருந்து இளைஞர்கள் கடைவேலைக்கு இறங்கிவிடுகிறார்கள்.

தூரத்தை விடப் பெரிய கட்டு லயம். வீடும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில். வீட்டில் ஒருவரின் பெயராவது தோட்டத்தில் இல்லாவிட்டால் காம்பரா போய்விடும் என்ற பயத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். காலி, மாத்தறைப் பக்கம் சிறுதோட்டக்காரர்களின் கதை வேறு. கொழுந்தை ஒரு தொழிற்சாலை குறைத்து எடுத்தால் அடுத்த தொழிற்சாலையின் லொறிக்குக் கொடுக்கலாம். வாங்குபவர்கள் போட்டி போடும் இடத்திலும், ஒரே ஒருவர் வாங்கும் இடத்திலும் விலை ஒன்றாக இருக்காது. உழைப்புக்கும் அதே கணக்குத்தான்.

மலையின் உயரமும் கூலிக்குள் நுழைகிறது. கண்டியைச் சுற்றி விளைவது பெரும்பாலும் நடுத்தர உயரத் தேயிலை. ஏலத்தில் இது பல ஆண்டுகளாக நுவரெலியாப் பக்கத்து உயர்நிலத் தேயிலைக்கும் தெற்கின் தாழ்நிலத் தேயிலைக்கும் கீழேதான் நிற்கிறது. சட்டக்கூலி எல்லா மலைக்கும் ஒன்று என்பதால் தோட்டம் வேறு வழி பார்க்கிறது. வேலைநாளைக் குறைக்கும், கிலோக் கணக்கை இறுக்கும். காடு மண்டிய, வயதேறிய செடிகளில் அந்த நிறையைப் பறிக்க முடியாதவருக்கு அரைப்பேர்தான். வர்த்தமானியில் இருக்கும் தொகைக்கும் சம்பளச் சீட்டில் இருக்கும் தொகைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி கொழும்பில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள் லயத்தை விட்டுத்தான் வந்தார்கள். ஆனால் காணி அனுமதிப்பத்திரம் இல்லாத பலர் வன்னியிலும் அடுத்தவர் வயலில் நாட்கூலிகளாகவே நின்றார்கள். பிறகு போரும் அவர்களை விடவில்லை. கூலி பேசும்போது, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போக அவர்களுக்கென்று ஓர் இடம் அங்கேயும் இருக்கவில்லை.

மலையகத்தில் இப்போது சிறு காணித்துண்டுகளில் தனிவீடுகள் எழும்புகின்றன. வீட்டை விட எனக்கு அந்தக் காணி உறுதியில்தான் கண். அது கைக்கு வந்த குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் தெல்தோட்டையில் காலை பஸ் பிடிப்பார்கள், அதைப் பார்த்துத் தோட்டம் கூலியைக் கூட்டவேண்டி வருமா என்பதை இனித்தான் பார்க்கவேண்டும்.