புறாவை அழைக்கும் துணிப் பொம்மை
பிரிட்டன் கடுகு வயல்களில் கையாளப்படும் முறை

பறவையைக் காட்டிப் பறவையை அழைப்பதைப் 'பார்வை வைத்தல்' என்பது நம் பக்கத்து வழக்கு. கௌதாரி பிடிப்போர் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டுக் கௌதாரியை வரவழைப்பது பழைய முறை. பிரிட்டன் நாட்டில் இதே உத்தி, உயிர்ப் பறவை இல்லாமல், துணியாலும் பிளாஸ்டிக்காலும் செய்த பொம்மைகளைக் கொண்டு பயிர்க் காப்புக்காகக் கையாளப்படுகிறது. அங்கே பயிரை அழிப்பது மரப்புறா.

மரப்புறா நம் மாடப்புறாவைவிடப் பெரியது. எடை ஏறத்தாழ அரை கிலோ. கழுத்தின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டும், இறக்கையில் வெள்ளைப் பட்டையும் உண்டு. இறக்கையை மடக்கி மேயும்போது பட்டை பெரும்பாலும் மறைந்திருக்கும். பறக்கும்போது பளிச்சென்று தெரியும். இந்த வெள்ளைப் பட்டையைப் பற்றிப் பின்னால் சொல்லப்படுவதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு முறைக்கு 2 முட்டைகள் இட்டு, ஓர் ஆண்டில் பல முறை குஞ்சு பொரிக்கும். பிரிட்டனில் மட்டும் 50 லட்சம் இணைகள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

சேதம் எப்போது?

பட்டாணி, கோசு, புதிதாக விதைத்த தானியம், சாய்ந்த கதிர் ஆகிய எல்லாவற்றையும் இப்புறா தின்னும். ஆனால் அதிக நஷ்டம் எண்ணெய்க் கடுகு வகையான ரேப் பயிரில்தான். இப்பயிர் ஆகஸ்டு, செப்டம்பரில் விதைக்கப்பட்டு அடுத்த ஆண்டு ஜூலை வாக்கில் அறுவடைக்கு வருகிறது. இடையில் வரும் கடுங்குளிரில் வேறு பசுமை குறைந்துவிடுவதால் நூற்றுக்கணக்கான புறாக்கள் கடுகு வயலில் இறங்கி இலையைக் கிழித்துத் தின்கின்றன. இலை போனால் செடி மீண்டும் தழைக்கக்கூடும். குருத்து போனால்தான் ஆபத்து. மேய்ந்த இடத்தில் பூப்பது தாமதமாகிறது. ஒரே வயலில் ஒரு பகுதி முற்றியும் மற்றொரு பகுதி பச்சையாகவும் நிற்பதால் அறுவடையும் சிக்கலாகிறது.

துணிப் பொம்மையின் அமைப்பு

பார்வைப் பொம்மைகளில் மூன்று வகை உண்டு. முதலாவது, முழு உடல் பொம்மை. பார்ப்பதற்கு அசல் புறா போலவே இருக்கும். ஆனால் ஒரு சாக்கில் சிலவே அடங்கும். இரண்டாவது, உள்ளே குடைவான பிளாஸ்டிக் ஓடு. கிண்ணங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். மூன்றாவது, துணிப் பொம்மை. விமான நிலையத்தில் காற்றின் திசை காட்டக் கட்டப்படும் துணிக் குழாயைப் போன்றது இது. மெல்லிய செயற்கைத் துணியில் புறாவின் நிறமும் இறகும் அச்சிடப்பட்டிருக்கும். மார்புப் பக்கம் திறந்த வாய், வால் பக்கம் குறுகிய முனை. தலை மட்டும் தட்டையான பிளாஸ்டிக். நடுவில் ஒரு குச்சி. வட அமெரிக்காவில் பனிவாத்து வேட்டைக்கு இவ்வகைப் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் நடப்படுவதுண்டு.

காற்று வாய் வழியே புகுந்ததும் துணி உப்பிப் புறா வடிவம் பெறுகிறது. குச்சியின் மேல் தாராளமாகத் திரும்புவதால், எந்தத் திசையில் காற்று வீசினாலும் தலை தானாகவே காற்றை நோக்கி நிற்கும். இலேசாக அசைவதால் மேயும் பறவை போலத் தோன்றும். கனமின்மையும் அசைவும் இதன் நன்மைகள். குறைகளும் உண்டு. காற்றே இல்லாத நாளில் துணி தொங்கிப் போகும். அத்தகைய நாளுக்கு உள்ளே வளையம் வைத்துத் தைத்த வகையே பயன்படும். புயற்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு புறாவை விரட்டிவிடும்.

வயலில் வைக்கும் முறை

1. பொம்மையை எடுப்பதற்கு முன் வயலைப் பார்க்க வேண்டும். புறாக்கள் எந்த மரக் கூட்டத்திலிருந்து எந்த வழியாக வருகின்றன, வயலில் எந்த மூலையில் இறங்குகின்றன என்பதை முதல் நாளே கவனித்துக் குறித்துக்கொள்கிறார்கள். புறா வராத மூலையில் எத்தனை பொம்மை வைத்தாலும் பலன் இல்லை.

2. அடுத்து, மறைவிடம். உயிர்வேலியை ஒட்டி, கழிகளை ஊன்றி, இலைநிற வலை கட்டி, அந்த இடத்துச் செடி கொடிகளை மேலே செருகி மறைக்கிறார்கள். காற்று முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலோ வீசுமாறு இடம் தேர்வது நலம்.

3. புறா எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகவே இறங்கும். ஆகவே பொம்மைகளைக் குதிரை லாட வடிவில் வைத்து, லாடத்தின் திறந்த வாயைக் காற்று போகும் திசைக்கு விட வேண்டும். நடுவில் உள்ள வெற்றிடமே புறா இறங்குமிடம். அது மறைவிடத்திலிருந்து 20 முதல் 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

4. பொம்மைக்குப் பொம்மை ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளி தேவை. நாற்று நட்டதுபோல வரிசையாக வைக்கக்கூடாது. மேயும் பறவைகள் ஆங்காங்கே கலைந்து நிற்கும். நெருங்கி நிற்பது பறக்கப் போவதன் அறிகுறி. ஓடு வகையைக் கலந்து வைப்போர் அவற்றைப் பொதுவாகக் காற்றை நோக்கித் திருப்பினாலும், சிலவற்றைச் சற்றே இப்படியும் அப்படியுமாக வைப்பார்கள்.

5. ஒரு டஜன் முதல் இரண்டு டஜன் பொம்மைகள் தொடக்கத்துக்குப் போதும். குளிர்காலத்தில் பெருங்கூட்டம் மேயும் வயலில் கூடுதலாகத் தேவைப்படும்.

6. வந்த புறா கடைசி நேரத்தில் விலகிப் போனால் ஏதோ ஒன்று அதன் கண்ணில் உறுத்துகிறது என்று பொருள். பொம்மையில் பளபளப்பு, தொங்கும் துணி, மறைவிடத்தில் ஆளின் அசைவு, மல்லாந்து கிடக்கும் செத்த புறா ஆகிய நான்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

இவை தவிர, 12 வோல்ட் பாட்டரியில் இயங்கும் சுழலியும் பயன்படுகிறது. இரண்டு நீண்ட கைகளின் நுனியில் இறக்கை விரித்த புறாவைப் பொருத்திச் சுற்ற விட்டால், தொலைவிலிருந்து பார்க்கும் புறாவுக்குத் தன் இனம் இறங்குவதுபோலத் தெரியும். அடிக்கடி சுடப்படும் வட்டாரங்களில் புறாக்கள் இதை அறிந்துகொண்டு ஒதுங்கிவிடுவதும் உண்டு.

எடுத்துச் செல்லுதல், பாதுகாத்தல்

வண்டி போகாத ஈர வயலில் வலை, கழி, பாட்டரி, இருக்கை எல்லாவற்றையும் தோளில் சுமந்தே செல்ல வேண்டும். துணிப் பொம்மையின் அருமை அப்போதுதான் தெரியும். இரண்டு டஜன் பொம்மைகளை ஒரு தோள்பையில் வைத்துவிடலாம்.

குச்சிகளைக் கழற்றித் தனியே கட்டி, கூர்முனையில் ஓர் உறை மாட்டினால் துணி கிழியாது. தலைகள் ஒரே பக்கம் இருக்குமாறு பொம்மைகளைத் தட்டையாக அடுக்க வேண்டும். கழுத்தில் மடிப்பு விழுந்தால் தலை சாய்ந்து நிற்கும். வயலை விட்டுக் கிளம்புமுன் எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும். மறந்து விட்டுப் போன குச்சி அறுவடை இயந்திரத்தில் சிக்கும். வீட்டுக்கு வந்ததும் சேற்றைத் தட்டி, வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே பையில் கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடிக்கும். சலவைத் தூள் கூடாது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி புறாவின் கண்ணுக்குத் தெரியும். சலவைத் தூளில் உள்ள வெண்மைப் பொருள் அந்த ஒளியில் மினுங்கும்.

சட்டமும் பாதுகாப்பும்

பிரிட்டனில் மரப்புறாவை யாரும் எப்படியும் சுடலாம் என்பதில்லை. துப்பாக்கிக்குக் காவல்துறைச் சான்று வேண்டும். நிலத்துக்கு உரியவரின் சம்மதம் வேண்டும். 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி, கட்டிப்போட்ட அல்லது ஊனப்படுத்திய உயிர்ப் பறவையைப் பார்வையாக வைப்பதும், ஒலிப்பதிவைக் கொண்டு பறவையை அழைத்துக் கொல்வதும் குற்றம். பயிர்ச் சேதத்தைத் தடுப்பதற்காகச் சுடுவதற்கு அரசின் பொது அனுமதி உண்டு. அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டே சுட வேண்டும். 2019 ஏப்ரலில் இங்கிலாந்தில் பழைய பொது அனுமதிகள் சட்டச் சிக்கலால் திரும்பப் பெறப்பட்டு, பின்னர் புதிய நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டன. ரவை 200 மீட்டருக்கு மேலும் செல்லக்கூடியதாதலால், பாதையும் குடியிருப்பும் உள்ள பக்கம் சுடக்கூடாது.

சுட்டால் பயிர் பிழைக்குமா?

இதற்கு விடை ஆராய்ந்து காணப்பட்டிருக்கிறது. 1950, 1960களில் புறாவைக் குறைப்பதற்காகத் தோட்டா வாங்க அந்நாட்டு அரசே மானியம் கொடுத்தது. கேம்பிரிட்ஜ்ஷையரில் மரப்புறாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த முர்ட்டன் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1974இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. குளிர்காலத்தில் எத்தனை புறா பிழைக்கும் என்பதை முடிவு செய்தது துப்பாக்கி அன்று, கிடைக்கும் தீனி. சுடாவிட்டாலும் பசியால் சாக இருந்த புறாக்களே சுடப்பட்டன. எஞ்சியவற்றுக்கு ஆளுக்கொரு வாய் தீனி கூடுதலாகக் கிடைத்தது. ஆக, மொத்த எண்ணிக்கை குறையவில்லை. பிற்காலத்தில் குளிர்காலக் கடுகு பரவியதும் அந்தப் பசியும் தீர்ந்தது, புறாவும் பெருகியது.

ஆகவே பொம்மை வைத்துச் சுடுவதால் நாட்டில் உள்ள புறா குறையும் என்று எண்ணக்கூடாது. சேதம் நடக்கும் வயலில், சேதம் நடக்கும் வாரங்களில், மற்ற விரட்டும் முறைகளோடு சேர்த்துச் செய்தால் அந்த வயலை விட்டுக் கூட்டம் விலகும். அவ்வளவே இதன் பயன். எரிவாயு வெடி, காற்றாடி, பொம்மை ஆள் ஆகியவை தனித்தனியே வைக்கப்படும்போது சில நாளில் பழகிப் போய்விடுகின்றன என்பதையும் அந்நாட்டு விவசாயிகள் கண்டிருக்கிறார்கள்.

நமக்கு உதவும் செய்தி

நம் நாட்டில் இம்முறையைப் பின்பற்ற இயலாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உள்ள பறவைகளை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம். மயில் முதல் அட்டவணையில் உள்ளது. துப்பாக்கி, கண்ணி, விஷம் எதையும் நாடுதல் கூடாது.

ஆனால் பறவை எதைக் கண்டு இறங்குகிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்ற அறிவு விரட்டுவதற்கும் உதவும். இங்கிலிஸ், ஐசக்சன் என்ற ஆய்வாளர்கள் பல நிலைகளில் புறாப் பொம்மைகளை வைத்துப் பார்த்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறக்கையை மடக்கி மேயும் நிலையில் உள்ள பொம்மை புறாவை அழைக்கிறது. இறக்கையை விரித்து வெள்ளைப் பட்டை தெரியுமாறு தரையில் கிடத்திய புறாவோ மற்றவை இறங்குவதைத் தடுக்கிறது. அந்தப் பட்டை புறாக் கூட்டத்துக்கு ஆபத்துக் குறியாகத் தெரிகிறது போலும். நம் களங்களில் கறுப்புத் துணியைச் செத்த காக்கை போலக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

விதைத்தது முதல் அறுவடை வரை ஒரே இடத்தில் ஒரே பொம்மையை நிறுத்தி வைப்பதால் பயன் இல்லை. பறவை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இரண்டு நாள் காலையில் நின்று பார்த்து, அந்தப் பக்கத்தில் வைக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும். காற்றில் அசையும் துணியே நல்லது. முளை வரும் வாரத்திலும், பால் பிடிக்கும் வாரத்திலும் ஆள் காவலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மயில் சேதம் மிகுதியான ஊர்களில் விவசாயிகள் வனத்துறை அலுவலகத்திலும், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து ஆலோசனை பெறலாம்.