நாலு பேரைப் படித்து ஐந்தாவதாக எழுதியவர்

"ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வரச் சொல்கிறார்கள், என்ன எழுதுவது?" என்று கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. வழிகாட்டியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இதே மும்பையில், பரேல் பகுதிச் சால் ஒன்றில் ஒரே அறையில் இருந்துகொண்டு படித்தவர் டாக்டர் அம்பேத்கர். மேல்படிப்புக்கு அமெரிக்கா போன அவர், 1916 மே 9-ந் தேதி கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தார். அப்போது வயது 25.

பிரெஞ்சு அறிஞர் செனார்ட், வெள்ளைக்கார அதிகாரிகள் நெஸ்பீல்டு, ரிஸ்லி, மராட்டியர் கேட்கர். சாதி பற்றி முன்பே எழுதிய இந்த நால்வரையும் எடுத்துக்கொண்டார். முதலில் அவரவர் சொன்னதைச் சொன்னார். பிறகு எங்கே குறை என்று காட்டினார். அதன் பிறகே தம் முடிவு: சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுதான் சாதியைக் காக்கும் வேலி. உடன்கட்டை, விதவைக் கொடுமை, குழந்தை மணம் எல்லாம் அந்த வேலிக்காக வந்தவை.

தம் கருத்து தவறென்று காட்டினால் கைவிடத் தயார் என்றும் எழுதினார். 1917 மே மாதம் 'இந்தியன் ஆன்டிகுவரி' ஏட்டில் அது வெளிவந்தது.

பெரியவர்கள் எழுதிவிட்டார்களே என்று அவர் வாய்மூடி இருக்கவில்லை. படிக்காமல் மறுக்கவும் இல்லை. தாராவிப் பிள்ளைக்கும் செம்பூர்ப் பிள்ளைக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. முதலில் படி, யார் சொன்னது என்று எழுது, பிறகு உன் கருத்தைத் துணிந்து சொல். பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.