பக்கத்து மேசைப் பிள்ளையின் இடம்

அளவெட்டியிலிருந்து க.பொ.த. உயர்தரம் எழுதும் ஒரு பிள்ளை கொப்பி அடித்தால் ஆருக்கு நட்டம்? 'அரசாங்கத்தின் சோதனைதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் பெற்றோர் பல்கலைக்கழக அனுமதிக் கணக்கை ஒருமுறை பார்க்கவேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைக்குப் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே களவாக ஏறிய புள்ளி பெரும்பாலும் தள்ளிவிழுத்துவது கொழும்புப் பிள்ளையை அல்ல. மல்லாகத்திலோ தெல்லிப்பழையிலோ இருந்து எழுதி, யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே நின்றுபோன பிள்ளையைத்தான். அனுமதிக்காக மூன்று தடவைதான் தோற்றலாம் என்பதால், அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு மட்டுமல்ல, ஒரு வாய்ப்பும் போகிறது.

வினாத்தாள் முன்கூட்டியே வெளியானால் சேதம் இன்னும் பெரிது. அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி பாடத்தின் சராசரியை வைத்தே கணிக்கப்படுகிறது. பலர் திருட்டுப் புள்ளியால் உயர்ந்தால் சராசரியும் உயரும். நேர்மையாக எழுதியவர் ஒரு விடையும் பிழைக்காமலே கீழே இறங்குவார்.

இது கற்பனை அல்ல. 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியானது தெரியவந்ததும் பரீட்சை ரத்தானது. பெப்ரவரி 1 ஆம் திகதி எல்லாரும் திரும்ப எழுதினார்கள், எந்தப் பாவமும் அறியாதவர்கள் உட்பட. அதே ஆண்டு செப்டெம்பர் 15 இல் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்பே வெளியே போயிருந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் பெறுபேறுக்காகப் புத்தாண்டு தாண்டியும் காத்திருந்தார்கள். பெற்றோர் உயர் நீதிமன்றம் போனார்கள். டிசெம்பர் 31 இல் வந்த தீர்ப்பு, பிள்ளைகளின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கூறியது. தேசிய கல்வி நிறுவகத்தின் பணிப்பாளர் ஒருவர் 30 லட்சம் ரூபாய் செலுத்தவும் உத்தரவிட்டது. பத்து வயதுப் பிள்ளையின் சோதனைக்கு இத்தனை அமளி தேவையா என்பது வேறு கேள்வி. அந்தச் சோதனையைத் தங்கள் மானப் பிரச்சினையாக்கியவர்களில் நாங்களும் அடக்கம்.

1968 இன் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இதையெல்லாம் குற்றமாகவே பார்க்கிறது. துண்டு கொண்டுபோவதும் இன்னொருவருக்காகப் போய் எழுதுவதும் மட்டுமல்ல, விடையைக் காட்டிக்கொடுப்பதும் விதிமீறல்தான். 'சிநேகிதனுக்கு உதவினேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. கைத்தொலைபேசி மண்டபத்துக்குள் இருந்தாலே போதும், பாவித்தீர்களா என்பது பிறகு. பாடத்தையோ முழுப் பரீட்சையையோ இழப்பதில் தொடங்கி, ஆண்டுக்கணக்கான தடை, வாழ்நாள் தடை, பொலிஸ் என்று தண்டனை ஏறும். பரீட்சைக்கு முந்திய நாட்களில் ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் ஆகியவற்றுக்கும் பரீட்சைத் திணைக்களம் தடை விதிக்கிறது. அந்த நாட்களில் 'கட்டாயம் வரும் கேள்வி' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் பகிர வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அனுப்பிய இலக்கத்தையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலோ பொலிஸின் 119 இலோ சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கிப் பார்த்துவிட்டு முறையிடப் போவது மட்டும் வேண்டாம். அப்போது நீங்களும் வழக்கில் ஓர் ஆள்.

ஆனால் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையெல்லாம் குற்றவாளி அல்ல. இதை யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1970 இல் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மாணவர்கள் அதிகம் தெரிவானபோது, தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளியை அள்ளிப்போட்டார்கள் என்ற கதை கிளம்பியது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு தரப்படுத்தல் வந்தது: பொறியியலுக்கு 400 இல் சிங்கள மொழிமூலம் 227 போதும், தமிழ் மொழிமூலம் 250 வேண்டும். நிறுவப்படாத சந்தேகம் ஒரு தலைமுறையை எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரிந்த ஊர், தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதும் ஆதாரம் கேட்கவேண்டும்.

பரீட்சை மண்டபத்தில் சந்தேகம் எழுந்தால் மேற்பார்வையாளர் எழுத்தில் வாக்குமூலம் கேட்கலாம். எழுதவும் ஒப்பமிடவும் மறுக்க முடியாது. ஆனால் அது பிள்ளையின் வாக்குமூலம். பயத்தில், பிறர் சொல்லச் சொல்ல எழுதவேண்டாம். நடந்ததை நடந்தபடி, தன் வசனத்தில் எழுதட்டும். எடுக்கப்பட்ட பொருள் என்ன, எத்தனை மணிக்கு, பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்பதை அன்றிரவே வீட்டில் குறித்துவைக்கவேண்டும். கொப்பி அடித்தது உண்மையாகவே இருந்தாலும் பிரம்பெடுக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. அதற்குச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இருக்கிறது. பிடிபட்ட பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் அறைக்குள் முடங்கினால் புத்திமதியைத் தள்ளிவைத்து 1926 ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

பெறுபேறு நிறுத்தப்பட்டதாகவோ தடை விதிக்கப்பட்டதாகவோ கடிதம் வந்தால், முதலில் பாடசாலை அதிபர் ஊடாகவும் நேரடியாகவும் பரீட்சைகள் ஆணையாளர் நாயகத்துக்குக் காரணம் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதவேண்டும். பதில் வரட்டும் என்று மாதக்கணக்கில் இருந்துவிடுவதுதான் பலர் விடும் பிழை. அரசியலமைப்பின் 12 (1) ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்தில் மனுப்போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டம். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். போகும்போது கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டுபோங்கள். எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது என்பதற்குத் தபால் முத்திரை சான்று.