கோலைத் தட்டினால் வழி தெரியுமா? பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களின் ‘நடைப் பாடம்’

பிரெய்லி தெரியும். ஸ்க்ரீன் ரீடர் துணையோடு லேப்டாப்பில் வேலை செய்யத் தெரியும். கையில் டிகிரியும் இருக்கிறது. ஆனால், ஹாஸ்டலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குத் தனியாகப் போகத் தெரியாது என்றால்? வேலை கிடைத்தாலும், தினமும் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வராத நாளில் ஆபீஸும் இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கான படிப்புதான் ‘ஓரியன்டேஷன் அண்ட் மொபிலிட்டி’. சுருக்கமாக, ‘ஓ அண்ட் எம்’.

அப்படி என்றால் என்ன?

இதில் இரண்டு பாதி. ‘நான் இப்போது எங்கே இருக்கிறேன், போக வேண்டிய இடம் எந்தப் பக்கம்?’ என்று தெரிந்துகொள்வது ஓரியன்டேஷன். அந்த இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்வது மொபிலிட்டி. ஒன்று தெரிந்து மற்றொன்று தெரியாவிட்டால் பயன் இல்லை.

எப்போது தொடங்கியது?

இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்களுக்காக 1940-களில் இது முறையான பயிற்சியாக உருவானது. பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர், நீளமான, எடை குறைந்த கோலை வடிவமைத்தார். ஊன்றிக்கொள்ள இருந்த கோல், தரையைத் துழாவிப் பார்க்கும் கருவியானது அப்போதுதான்.

என்னவெல்லாம் கற்றுத் தருவார்கள்?

கோல் கைக்கு வருவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடும். இடது, வலது, முன்னால், பின்னால் என்பதைக் குழந்தை தன் உடம்பை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். அடுத்து, புறங்கையால் சுவரைத் தொட்டபடி நடப்பது, முகத்துக்கு முன்னால் கையை மடக்கித் தடுப்பாக வைத்துக்கொள்வது.

பிறகுதான் வெள்ளைக்கோல். பொதுவாக நெஞ்செலும்பு உயரத்துக்குக் கோல் இருக்கும். இடது கால் முன்னே போகும்போது கோல் வலப்பக்கம் தட்டும். வலது கால் போகும்போது இடப்பக்கம். அதாவது, அடுத்த காலடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிடும். பள்ளமா, படியா, மணலா என்பது கைக்குத் தெரியும்.

காதுக்கும் மூக்குக்கும் பாடம் உண்டு. டீக்கடை வாசனை ஒரு குறிப்புதான், கடை மூடியிருந்தால் அது இருக்காது. மின்கம்பமோ மாடிப்படியோ நிலையான அடையாளம். இந்த வித்தியாசம் தெரிந்தால் வழி தவறாது. சிக்னலில், குறுக்கே ஓடும் வண்டிகளின் சத்தம் நின்று, பக்கவாட்டில் தான் போகும் திசையிலேயே வண்டிகள் கிளம்பினால், கடக்கும் நேரம் வந்துவிட்டது என்று கணக்கு.

பயிற்றுநர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பழகித்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஜிபிஎஸ் இருக்கும்போது கோல் எதற்கு?

‘இருபது மீட்டரில் வலப்பக்கம் திரும்பு’ என்று போன் சொல்லும். நடுவில் திறந்து கிடக்கும் சாக்கடையைச் சொல்லாது. கோல் அதைச் சொல்லும். ஆனால், தலையை இடிக்கும் மரக்கிளை கோலுக்குத் தட்டுப்படாது. அதற்காகவே ஐஐடி டெல்லி உருவாக்கிய ‘ஸ்மார்ட்கேன்’, முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளை அல்ட்ராசவுண்ட் மூலம் உணர்ந்து கைப்பிடியில் அதிர்வு தரும். ஒன்றுக்கு ஒன்று துணை, மாற்று இல்லை.

தடை எங்கே?

முதல் தடை பெரும்பாலும் வீட்டிலேயே. ‘விழுந்துடுவான்’, ‘பொம்பளப் புள்ளைய எப்படித் தனியா அனுப்புறது?’ என்ற பயம். அன்பு காரணமாகத்தான். ஆனால், தனியாக நடக்காமலேயே வளரும் பிள்ளைக்கு இருபது வயதில் தெருவே புது உலகம்.

அடுத்த தடை தெரு. மெட்ரோ நிலையங்களில் காணும் மஞ்சள் நிற மேடு டைல்ஸை 1960-களில் உருவாக்கியவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே. நீளக் கோடுகள் என்றால் ‘போகலாம்’, புள்ளிகள் என்றால் ‘நில், கவனி’. அதன் மேலேயே பைக்கை நிறுத்தினால், அது ஒருவரின் வழியை அடைப்பதுதான். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வகையில் இருக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பிளாட்பாரம் இன்னும் அதைக் கேட்கவில்லை!

நாம் என்ன செய்யலாம்?

* முதலில் கேளுங்கள்: ‘உதவி வேணுமா?’ வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.
* கையையோ கோலையோ பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேல் அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரை அடி முன்னால் நீங்கள் நடந்தால் போதும். படி வருவது உங்கள் அசைவிலேயே அவருக்குத் தெரியும்.
* ‘அந்தப் பக்கம் போங்க’ என்றால் எந்தப் பக்கம்? ‘பத்தடி நடந்து, இடது பக்கம் திரும்புங்க’ என்று சொல்லுங்கள்.
* கோல் வைத்திருப்பவருக்கு ஓரளவு பார்வை இருக்கலாம். அவர் போனைப் பார்த்தால் ‘நடிக்கிறாரோ’ என்று நினைக்க வேண்டாம்.

அக்டோபர் 15 வெள்ளைக்கோல் பாதுகாப்பு தினம். பைக்கைத் தள்ளி நிறுத்த அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.